குடிபெயர்ந்தபோது சிக்கியது பெயர்தான்: கோவையிலிருந்து கோஸ்டா ரிக்காவுக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா, அங்கே அலாஹுவேலா நகரில் ஒரு கிளினிக். மடியில் மூச்சிரைப்போடு என் சின்னவன். ஒலிபெருக்கியில் என் கணவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் தொழிற்சாலையில் இருந்தார். 'அவரைத் தெரிந்தவர் யாரோ தேடுகிறார் போல' என்று நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை, கூப்பிட்ட பெண்ணே வெளியே வந்து நேராக என் பையனைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கடவுச்சீட்டில் அவனுடைய குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் இருப்பது அவன் அப்பா பெயர். கோஸ்டா ரிக்காவில் வரிசையில் நிற்பவரைக் குடும்பப்பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள்.

வெளிநாடு போவதற்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். மாதக்கணக்கில் தயாரானோம். அரிசி, மிளகாய்ப்பொடி, ஸ்வெட்டர் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் போட்டோம். அதில் பாதி அங்கேயே கிடைத்தது, மீதி தேவைப்படவில்லை. உண்மையில் எங்களைத் தடுக்கி விட்டவை காகிதங்கள். அதிலும் காகிதத்தில் இருந்த பெயர்கள்.

நாங்கள் நான்கு பேர். கணவர் மருத்துவக் கருவித் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். அலாஹுவேலாவுக்குப் பக்கத்தில் கொயோல் என்ற இடத்தில் இப்படிப்பட்ட தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. இன்று அந்த நாட்டின் ஏற்றுமதியில் காப்பியையும் வாழைப்பழத்தையும் தாண்டி நிற்பது மருத்துவக் கருவிதான். 2022 பிப்ரவரியில் வேலைக் கடிதம் வந்தது. அவர் ஜூலையில் போனார். நானும் பெரியவளும் (அப்போது 9 வயது) சின்னவனும் (4 வயது) 2023 ஜனவரியில் போனோம். இடைப்பட்ட மாதங்களில் காகித வேலை முழுக்க என் தலையில்.

தொழிற்சாலையின் வழக்கறிஞர் அனுப்பிய பட்டியல் பார்க்கச் சின்னதுதான். நால்வருக்கும் பிறப்புச் சான்றிதழ், எங்கள் திருமணச் சான்றிதழ், பெரியவர்கள் இருவருக்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ், அவருடைய பட்டம். எல்லாவற்றுக்கும் அப்போஸ்தில் முத்திரை (நம் நாட்டுத் தாள் உண்மையானது என்று வெளிநாடு ஏற்பதற்கான சான்று) வாங்கி, பிறகு ஸ்பானிஷில் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு. அப்போஸ்தில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-இலும் கோஸ்டா ரிக்கா 2011-இலும் சேர்ந்துவிட்டதால் தூதரகம் தூதரகமாக அலைய வேண்டியதில்லை. முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அவ்வளவுதான். படிக்க இரண்டு வரி. எனக்கு ஆனது ஐந்து மாதம்.

முதல் முட்டுக்கட்டை என் பிறப்புச் சான்றிதழ். நான் 1985-இல் பிறந்தவள். அம்மா பத்திரமாக வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. 'பெண் குழந்தை', தகப்பனார் பெயர், தாயார் பெயர், தேதி. அந்தக் காலத்தில் குழந்தை பிறந்த கையோடு பதிவு செய்துவிட்டு வருவார்கள். பெயர் சூட்டியபின் மறுபடி போய்ச் சேர்க்க யாருக்கும் தோன்றாது. பள்ளிச் சான்றிதழை வைத்தே ஆதார், பாஸ்போர்ட், கல்யாணம் எல்லாம் ஆகிவிட்டது. நாற்பதை நெருங்கும்போது, பத்தாயிரம் மைல் தள்ளியிருக்கும் ஒரு நாடு கேட்டதால் எனக்குப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. பதிவு செய்து 15 வருடம் கடந்தால் பெயர் சேர்க்க முடியாது என்பது பொது விதி. தமிழ்நாட்டில் அப்போது கால நீட்டிப்பு அமலில் இருந்தது என் நல்ல நேரம். உங்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டுக் கனவோடு இருந்தால் வேறெதற்கும் முன்னால் இந்த ஒரு தாளை எடுத்துப் பாருங்கள்.

பழைய சான்றிதழ் கையெழுத்தில், தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலமும் சேர்ந்த கணினிப் பிரதியாகப் புதிதாக வாங்கிவிட வேண்டும். கோஸ்டா ரிக்காவில் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர்கள் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவர்கள். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு ஆள் தாராளம். தமிழிலிருந்து தேடப் போனால் தேடிக்கொண்டே இருக்கலாம்.

இரண்டாவது தவறு முழுக்க என் சுறுசுறுப்பால் வந்தது. நன்னடத்தைச் சான்றிதழை மார்ச் 2022-இலேயே இருவருக்கும் வாங்கி, முத்திரையும் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துவிட்டேன். அவருக்கு அது செல்லுபடியானது. எங்கள் விண்ணப்பம் உள்ளே போன சமயத்தில் என்னுடையதற்கு ஆறு மாதம் தாண்டியிருந்தது. பழைய தாள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி பாஸ்போர்ட் சேவா கேந்திரம், மறுபடி முத்திரை, மறுபடி கட்டணம். காவல்துறைச் சான்றிதழை மட்டும் கடைசியாக வாங்குங்கள். பட்டச் சான்றிதழ் எங்கேயும் ஓடிவிடாது, அதை முதலில் முடிக்கலாம்.

இனி பெயருக்கு வருகிறேன். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பெரும்பாலும் ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர், அவர்கள் மொழியில் 'அபெயீதோ': முதலாவது அப்பாவுடையது, இரண்டாவது அம்மாவுடையது. படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும், பெயர், முதல் அபெயீதோ, இரண்டாவது அபெயீதோ. நமக்கோ இனிஷியல்தான். கடவுச்சீட்டுக்காக அதை விரித்து அப்பா பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டுவிடுகிறோம். விளைவு? கணவரின் குடும்பப்பெயர் என் மாமனார் பெயர். என்னுடையது என் அப்பா பெயர். பிள்ளைகளுடையது கணவரின் பெயர். ஒரே வீட்டில் நான்கு பேர், மூன்று குடும்பப்பெயர். தொலைபேசியில் வழக்கறிஞர் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "குழந்தைகள் இருவரும் இந்தத் திருமணத்தில் பிறந்தவர்கள்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு எழுத்துகூடப் பொருந்தவில்லை என்றால் அங்கே அது சந்தேகத்துக்குரிய விஷயம்தான். ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதினேன். தமிழர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னெழுத்தாக வரும், ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும் என்று, தாத்தாவிலிருந்து பேரன் வரை அம்புக்குறி போட்டு ஒரு படத்தோடு. கூடவே நால்வரின் பிறப்புச் சான்றிதழையும் வரிசையாக அடுக்கினோம். அந்த ஒரு பக்கம் அதற்குப் பிறகு எத்தனை இடங்களில் உதவியது என்று கணக்கில்லை.

இரண்டாவது கட்டத்துக்கு அவர்களிடமே ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கர்களுக்கும் ஒரே குடும்பப்பெயர்தானே, பழகியவர்கள். நோட்டரி பத்திரங்களில் எழுதுவார்கள்: 'தே உன் சோலோ அபெயீதோ என் ரஸோன் தே சு நாசியோனாலிதாத்'. அதாவது, 'தம் தேசத்தின் காரணமாக ஒரே குடும்பப்பெயர் கொண்டவர்'. வீட்டு ஒப்பந்தத்தில் என் பெயருக்குப் பின்னால் இதைப் பார்த்தபோது ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

காகிதத்தின் அருமையை வேறொரு பக்கத்திலிருந்தும் அந்த வருடம் காட்டியது. 2022 ஏப்ரல் நடுவில் கோஸ்டா ரிக்காவின் நிதி அமைச்சகக் கணினிகளைக் கோன்டி என்ற மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் முடக்கியது. வரி, சுங்கம் இரண்டும் படுத்துவிட்டன. மே 8 அன்று பதவியேற்ற அதிபர் ரோட்ரிகோ சாவேஸ் முதல் வேலையாகத் தேசிய நெருக்கடி நிலையை அறிவித்தார். மே 31-இல் அடுத்த அடி: 1941-இலிருந்து நாட்டின் பொது மருத்துவத்தை நடத்திவரும் சமூகப் பாதுகாப்பு நிதியம், அங்கே சுருக்கமாகக் 'காஹா' என்பார்கள், அதன் கணினிகளையும் நிறுத்த வேண்டி வந்தது. நோயாளிகளின் மின்பதிவேடு வேலை செய்யாததால் மருத்துவமனைகள் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பின.

கோவையில் உட்கார்ந்து இந்தச் செய்தியைப் படித்துவிட்டு இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, கப்பலில் பொருள் அனுப்பும் யோசனையை அப்படியே கைவிட்டேன். சுங்கத்தில் பெட்டிகள் தேங்கிக் கிடக்கும் சமயத்தில் நம் எவர்சில்வர் அண்டாவும் அங்கே போய் நிற்க வேண்டாம். இரண்டு, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, சின்னவனின் மூச்சிரைப்புச் சிகிச்சை விவரம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அச்சடித்து டாக்டர் கையெழுத்தோடு வாங்கினேன். மருந்துகளின் கம்பெனிப் பெயர் வேண்டாம், வேதிப்பெயரை எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நம்மூர் இன்ஹேலரின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. சால்பூட்டமால் என்றால் மூலைக்கடை மருந்தாளுநருக்கும் தெரியும்.

சரி, பெட்டிக்குள் என்ன போனது? கிரைண்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லோரும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கோஸ்டா ரிக்காவில் அமெரிக்கா மாதிரி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதும் என்பார்கள். அது வோல்ட்டைத்தான் ஏற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. மிக்ஸியில் இருப்பது வேறு வகை மோட்டார். தாங்கக்கூடிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஓடிவிடும். கிரைண்டர் மோட்டாரின் வேகமோ ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டே போகும். ஐம்பதுக்குச் செய்ததை அறுபதில் ஓட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும், மாவு சூடேறும், மோட்டாரின் இழுவை குறையும். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்த ஊரிலிருந்து போகிறவள் கிரைண்டரில் ஏமாந்தால் மானம் போகும் இல்லையா? 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்து விற்கிற கடையைத் தேடிப் பிடித்து டேபிள்டாப் ஒன்று வாங்கினேன். ஒரு ஆளுக்கு அனுமதித்த 23 கிலோவில் பாதியை அதுவே தின்றுவிட்டது.

"ஏங்கண்ணு, துணிமணியெல்லாம் விட்டுட்டுக் கல்லத் தூக்கிட்டுப் போறே?" என்றார் அத்தை.

"துணி அங்கேயும் விக்கும் அத்தை."

விதைகள், செடிகள், பால் பொருட்களை எடுத்துப் போகாதீர்கள். அங்கே சோதனை கறார். அத்தை முடிந்து வைத்திருந்த கறிவேப்பிலை விதைகளை நான்தான் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். இன்றுவரை அதற்கு வருத்தப்படுகிறார்.

வழி பெங்களூரு, ஆம்ஸ்டர்டாம், பிறகு கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசே. அமெரிக்கா வழியாக வந்தால் டிக்கெட் மலிவாக இருக்கலாம். ஆனால் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும், இரண்டு குழந்தைகளோடு அதற்கும் ஒரு அலைச்சல். பனாமா வழியாகத் திரும்பும் எண்ணம் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புமுன்பே போட்டுக்கொள்ளுங்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். இந்தியாவின் பட்டியலில் பனாமா இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். கடவுச்சீட்டையும் கிளம்புமுன்பே புதுப்பித்துவிட வேண்டும். நாங்கள் போன சமயம் கோஸ்டா ரிக்காவுக்கும் சேர்த்து இந்தியத் தூதரகம் இருந்தது பனாமா சிட்டியில்.

ஜனவரியில் போனது தற்செயல் இல்லை. அங்கே பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். சில சர்வதேசப் பள்ளிகள் மட்டும் ஆகஸ்ட் கணக்கு. ஜூனில் தொடங்கும் நம் பள்ளிக் கணக்கோடு எதுவும் ஒட்டாது. அரையாண்டுத் தேர்வு எழுதிவிட்டுப் போய், பெரியவள் அங்கே நான்காம் வகுப்பை முதலிலிருந்து தொடங்கினாள். பாதி வருடம் இழப்பு. ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள அந்த அரை வருடம் போதவே இல்லை என்பதால் இழப்பு என்று சொல்வதும் சரியில்லை. இன்னொரு லாபம்: டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை இருக்காது. வெயில் காயும் அந்த மாதங்களைத்தான் அவர்கள் கோடை என்பார்கள். மே முதல் நவம்பர் வரை மதியம் தவறாமல் கொட்டும். வீடு பார்க்கிற வேலையை அந்த மழையில் செய்ய முடியாது. அதோடு, பூஞ்சணம். முதல் அக்டோபரில் கணவரின் தோல் காலணி பச்சைப் பாசி பிடித்துக் கிணற்றடிக் கல் மாதிரி ஆனது. காகிதங்களைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கச் சொன்னது பக்கத்து வீட்டு அம்மாள்.

வீட்டு வாடகையில் ஒரு சங்கதி. விளம்பரத்தில் 'லீனியா பிளாங்கா' இல்லாமல் என்று போட்டிருந்தால் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எதுவும் இருக்காது. எல்லாம் நாமே வாங்க வேண்டும். அங்கே அவை நம்மூர் விலையில் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 13 சதவீத வரி வேறு. மறுபக்கம், முன்பணம் ஒரு மாத வாடகை மட்டுமே கொடுத்தோம். கோவையில் பத்து மாதம் கேட்பதைப் பார்த்தவளுக்கு அது விருந்து. 1995-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி வீட்டு ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று எழுதினாலும் குடியிருப்பவருக்குக் குறைந்தது மூன்று வருடம் உரிமை உண்டு. வாடகை டாலரிலா, அந்நாட்டுப் பணமான கொலோனிலா என்பதையும் பாருங்கள். கணவருக்குச் சம்பளம் டாலரில். 2022 ஜூனில் ஒரு டாலருக்கு 700 கொலோனை நெருங்கியிருந்தது, ஒரு வருடத்தில் 550-க்குக் கீழே வந்துவிட்டது. சம்பளம் குறையவே இல்லை, ஆனால் காய்கறிக்கடையில் குறைந்துவிட்டது. தயாரிப்புப் பட்டியலில் நாங்கள் யோசிக்கவே யோசிக்காத விஷயம் இது.

முகவரி? நம்மூர்க்காரர்களுக்குப் பழகியதுதான். 'தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் தெற்கு, 50 மேற்கு, கறுப்பு கேட்'. நூறு மீட்டர் என்றால் ஒரு தெரு நீளம், அளந்து பார்க்கக் கூடாது. இல்லாமல் போன கட்டடத்தை வைத்தும் வழி சொல்வார்கள். சான் ஹோசேயில் ஒரு பேருந்து நிலையத்துக்கே 'கொகா கோலா' என்று பெயர், அந்தத் தொழிற்சாலை போய்ப் பல காலம் ஆயிற்று. இதில் எனக்குச் சிரமமே இல்லை. சிரமம் இந்தியாவில் இருந்த என் வங்கிக்குத்தான். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வெளிநாட்டு முகவரி கேட்டார்கள். கதவு எண் இல்லாமல் அந்தக் கணினி ஏற்கவில்லை. கடைசியில் 200 என்று போட்டேன், தெற்கே நடக்க வேண்டிய மீட்டர் கணக்கு.

பணப் பரிமாற்றம் சுலபம். நம் யூபிஐ போல அங்கே சின்பே மோவில், தொலைபேசி எண்ணை வைத்தே அனுப்பலாம், இளநீர்க்காரர் வரை வாங்குகிறார். ஆனால் முழுமையான வங்கிக் கணக்குக்கு வெளிநாட்டவர் அடையாள அட்டையான தீமெக்ஸ் கைக்கு வர வேண்டும். அதுவரை கையில் டாலரும், வேலை செய்கிற இந்திய அட்டையும், முக்கியமாக ஓடிபி வந்து சேரும்படி உயிரோடிருக்கும் இந்திய எண்ணும் தேவை.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் ஒரு வார்த்தைப் பாடம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சிறிய உணவகத்தை அங்கே 'சோதா' என்பார்கள். கோலி சோடா குடித்து வளர்ந்த என் மகளுக்கு அந்தச் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. முதல் நாள் 'சின் கார்னே', இறைச்சி வேண்டாம், என்று சொல்லி சோறும் பீன்ஸும் கேட்டேன். தட்டில் கோழி வந்தது. அவர்கள் வழக்கில் 'கார்னே' என்றால் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி மாதிரி. கோழி அதில் சேராது. அடுத்த முறை கோழியும் வேண்டாம் என்றேன், டூனா மீன் தூவி வந்தது. இப்போது வேண்டாதவற்றை வரிசையாக ஒப்பித்துவிடுகிறேன். வாரச் சந்தையில் நிலைமை வேறு. மரவள்ளிக்கிழங்கு, நேந்திரம் மாதிரி வாழைக்காய், பூசணி, பப்பாளி, புளி எல்லாம் குவிந்து கிடக்கும். நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்று சொல்லும் சௌசௌவுக்குப் பூர்வீகமே அந்தப் பக்கம்தான், 'சயோத்தே' என்று மலை போலக் கொட்டி விற்கிறார்கள். அலாஹுவேலாவுக்கு மாம்பழ நகரம் என்றே செல்லப்பெயர், மாங்காயை உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தின்கிறார்கள். மிளகாய்த்தூள் ஒன்றுதான் குறை. துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் தேட வேண்டும்.

வேலைக் கடிதம் இல்லாமல் போக முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். வழிகள் இருக்கின்றன, பணம் வேண்டும். வாழ்நாள் ஓய்வூதியம் மாதம் 1,000 டாலர் வந்தால் ஓய்வூதியர் பிரிவு. மாதம் 2,500 டாலர் வருமானத்துக்கு இரண்டு வருட உத்தரவாதம் காட்டினால் இன்னொன்று. வெளிநாட்டு நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வேலை செய்பவர் மாதம் 3,000 டாலரும் குடும்பத்தோடு என்றால் 4,000-மும் காட்டி ஒரு வருடம் தங்கலாம். இந்த எதிலும் உள்ளூர்க் கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர முடியாது. போய் இறங்கிவிட்டு வேலை தேடலாம் என்ற கணக்கை மட்டும் போடாதீர்கள். துணையாகப் போகும் மனைவிக்கும் கணவருக்கும்கூட தானாக வேலை உரிமை வராது. நான் கோவையில் வங்கி வேலையை விட்டுவிட்டுப் போனவள். இந்த ஒன்றைப் போகுமுன் எங்களிடம் அழுத்திச் சொல்ல ஆளில்லை.

நால்வருக்கும் தீமெக்ஸ் அட்டை வந்துவிட்டது. எல்லாப் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடி, எழுத்துப் பிசகாமல். அப்பாடா என்று இருந்தேன். அந்த டிசம்பரில் பெரியவளின் பள்ளிச் சான்றிதழ் வந்தது. அவள் பெயர், அதன் பின் அவள் அப்பா பெயர், அதன் பின் என் பெயர். "ரெண்டாவது கட்டம் காலியா இருந்துச்சும்மா, எல்லாரும் அம்மா பேர் போட்டாங்க, நானும் போட்டேன்" என்றாள். கடவுச்சீட்டோடு பொருந்தாத தாள், திருத்தியே ஆக வேண்டும். அதற்கு மனு எழுதி வைத்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.